தாமஸ் கிராப்பர் என்னும் பிளம்பர்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

பெரியோர் வரலாறு என்றால் நம் கல்லூரி மலரில் இடம்பெறுவோரின் பட்டியல் ஏறத்தாழ நிலையானது. நாட்டு விடுதலைக்கு உழைத்தோர், நோபல் பரிசு பெற்றோர், புலவர்கள் என்று வரிசையாக வருவார்கள். அந்த வரிசையில் இம்முறை ஒரு பிளம்பரைக் கொண்டுவந்து நிறுத்துகிறேன். பேராசிரியப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும்.

இதற்குக் காரணம் உண்டு. என் தந்தையார் இராயபுரத்தில் குழாய் வேலை செய்பவர். எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். சேர்க்கை விண்ணப்பத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் நான் கூலி என்று எழுதினேன். கூலி என்று எழுத எனக்கு வெட்கம் வரவில்லை. பிளம்பர் என்று எழுதத்தான் கை கூசியது. கக்கூஸ் அடைப்பு எடுப்பவர் மகன் என்று பக்கத்தில் நிற்பவன் நினைத்துக்கொள்வானே என்ற அச்சம். அந்தத் தாள் இன்னும் ஏதோ ஒரு கோப்பில் அப்படியேதான் கிடக்கும்.

சென்ற கோடை விடுமுறையில் அப்பாவுக்கு எடுபிடியாக வேலைக்குப் போனேன். மண்ணடியில் ஒரு பழைய கட்டடத்தின் மாடிக் கழிவறையில், சங்கிலி தொங்கும் வார்ப்பிரும்புத் தொட்டி ஒன்றைக் கழற்றி இறக்கினோம். அது எப்படி வேலை செய்கிறது என்று அப்பா காட்டியபோது எனக்கு வியப்பாகிவிட்டது. நாம் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குழாயை வளைத்துப் படித்த சைபன் அதற்குள் இருந்தது. ஆர்க்கிமிடீசின் மிதப்பு விதியும் இருந்தது. இப்படிப்பட்ட தொட்டிகளின் வரலாற்றைத் தேடப் போய்த்தான் தாமஸ் கிராப்பர் என்ற பெயர் எனக்கு அகப்பட்டது.

இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியில் தார்ன் என்று ஒரு சிற்றூர். அங்கே 1836ஆம் ஆண்டு தாமஸ் பிறந்தார். பிறந்த நாள் சரியாகப் பதிவாகவில்லை. செப்டம்பர் 28இல் ஞானஸ்நானம் செய்ததற்குத்தான் பதிவு உண்டு. தந்தை சார்லஸ் கப்பல் தொழிலாளி. துறைமுகத்தை நம்பி வாழும் எங்கள் பகுதிக்காரர்களுக்கு இந்தக் குடும்பம் அந்நியமாகத் தோன்றாது. பதினோரு வயதில் அந்தச் சிறுவன் வேலை தேடி இலண்டனுக்குக் கால்நடையாகவே வந்து சேர்ந்தான் என்று ஒரு கதை உலவுகிறது. கேட்க உருக்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மையன்று. அவருடைய அண்ணன் ஜார்ஜ் இலண்டன் மாநகரின் செல்சி பகுதியில் ஏற்கெனவே பிளம்பராக இருந்தார். 1853இல் தம்பி அவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். அவ்வளவுதான்.

பிளம்பர் என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீனில் காரீயத்தைக் குறிக்கும் பிளம்பம் என்ற சொல். வேதியியல் அட்டவணையில் காரீயத்துக்குப் பி.பி. என்று குறியிட்டிருப்பதும் இதனால்தான். அக்காலத்துக் குழாய்கள் பெரும்பாலும் காரீயம். அதை உருக்கி, இரண்டு குழாய் முனைகள் சேருமிடத்தில் ஊற்றி, சூடு ஆறுமுன் துணியால் வழித்துத் திரட்டி இணைப்புப் போட வேண்டும். கை ஒரு நொடி தாமதித்தால் இணைப்பு ஒழுகும். காரீயம் குடிநீரில் கலந்தால் உடலுக்கு நஞ்சு என்று இன்று அறிவோம்; அன்றைய தொழிலாளி அதன் புகையிலேயே வாழ்ந்தான்.

1856இல் தென்னிந்தியாவின் முதல் இரயில் நம் இராயபுரம் நிலையத்திலிருந்து புறப்பட்டபோது, தாமஸ் இருபது வயதை எட்டிக்கொண்டிருந்தார். அதாவது இன்று என் வயது. அவரும் அப்போது ஒரு மாணவரே. பட்டறைதான் அவருடைய கல்லூரி.

அவர் தொழில் பழகிய இலண்டன் எப்படி இருந்தது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அங்கே தண்ணீர் வழங்கியவை தனியார் கம்பெனிகள். நாளில் சில மணி நேரமே குழாயில் நீர் வரும். ஏழைகளின் சந்துகளுக்கு அதுவும் தினமும் வராது. வரும்போது பிடித்து வைத்துக்கொள்ள வீட்டுக்கு வீடு தொட்டி. நாம் இன்று சம்பு கட்டி, குடங்களை வரிசை வைத்துச் செய்வதும் இதுதான். கழிவறைகளோ வீட்டின் அடியில் இருந்த மலக்குழிகளில் போய் முடிந்தன. தண்ணீர் ஊற்றிக் கழுவும் கழிவறைகள் பெருகப் பெருக, அந்தக் குழிகள் நிரம்பி வழிந்து கிணற்றிலும் தேம்ஸ் ஆற்றிலும் கலந்தன. வசதி என்று வந்ததே வினையாயிற்று.

தாமஸ் சேர்ந்த மறு ஆண்டு, 1854இல், சோகோ பகுதியில் காலரா. 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் இறந்தோர் வீடுகளை வரைபடத்தில் குறித்துக்கொண்டே போய், எல்லாம் பிராட் தெருவின் ஓர் அடிபம்பைச் சுற்றி நிற்பதைக் கண்டார். அவர் வற்புறுத்தலால் அந்தப் பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. பக்கத்து மலக்குழியின் கசிவு அந்தக் கிணற்றில் இறங்கியிருந்தது. 1858 கோடையில் தேம்ஸ் நாறிய நாற்றத்தில் நாடாளுமன்றமே திணறியது. அதன் பிறகுதான் ஜோசப் பசால்ஜெட் என்ற பொறியாளரிடம் மாநகரம் முழுவதற்கும் பாதாளச் சாக்கடை கட்டும் பொறுப்பு தரப்பட்டது.

வீதிக்கடியில் சாக்கடை வந்தால் போதுமா? வீட்டையும் அதையும் இணைக்க ஆள் வேண்டுமே! இணைப்பு சரியில்லாவிட்டால் சாக்கடையின் வாயு நேரே வீட்டுக்குள் வரும். அந்த இடத்தில்தான் கிராப்பர் நுழைகிறார். 1860இல் மரியா கிரீன் என்ற உறவுப் பெண்ணை மணந்தார். 1861இல் செல்சியிலேயே சொந்தமாகத் தொழில் தொடங்கினார். சில ஆண்டுகளில் மார்ல்பரோ தெருவில் பட்டறை பெரிதாயிற்று.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். நீரால் கழுவும் கழிவறையைக் கண்டுபிடித்தவர் கிராப்பர் என்று பொது அறிவு நூல்கள் சிலவற்றில்கூட அச்சாகியுள்ளது. அது தவறு. 1596இலேயே ஜான் ஹாரிங்டன் என்ற பிரபு அப்படியொன்றை வருணித்து நூல் எழுதினார். 1775இல் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரத் தொழிலாளி காப்புரிமை பெற்றார். 1778இல் ஜோசப் பிராமா அதை மேலும் திருத்தினார். 1851இல் இலண்டன் பெருங்கண்காட்சியில் ஜார்ஜ் ஜென்னிங்ஸ் அமைத்த கழிவறைகளை ஒரு பென்னி கொடுத்து எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பயன்படுத்தினர். அப்போது நம் தாமசுக்குப் பதினான்கு வயது. அவர் சர் பட்டம் பெற்றார் என்பதும் கட்டுக்கதையே. 1969இல் வாலஸ் ரேபர்ன் என்பவர் வேடிக்கை கலந்து எழுதிய வாழ்க்கை நூலிலிருந்து இக்கதைகளில் பல பரவின. அவருடைய குடும்பப் பெயரிலிருந்துதான் ஆங்கிலத்தில் ஓர் அசிங்கமான சொல் வந்தது என்பார்கள். அச்சொல் அவருக்கு முன்பே வழக்கில் உண்டு.

அப்படியானால் அவர் செய்ததுதான் என்ன? கண்டுபிடித்தவரைவிட, கண்டுபிடித்ததை ஒழுகாமல் செய்தவர் எனக்குப் பெரியவராகத் தோன்றுகிறார். அவர் பெயரில் ஒன்பது காப்புரிமைகள் இருந்தன. அவற்றுள் மூன்று கழிவறைத் திருத்தங்கள். மற்றவை குழாய் இணைப்பு, வடிகால், சாக்கடை மூடி போன்றவை பற்றியவை. எல்லாம் சிறிய விஷயங்கள்தாம். ஆனால் வீட்டில் தொல்லை தருவதெல்லாம் சிறிய விஷயம்தானே.

தொட்டியின் மிதவை வால்வை எடுத்துக்கொள்வோம். பால்காக் என்று நம் கடைகளில் கேட்டு வாங்குவது. நீர் ஏற ஏறப் பந்து மிதந்து மேலே வரும். அதன் நெம்புகோல் வாயை அடைக்கும். இதில் கோளாறு மூன்று வகை என்பார் அப்பா. பந்து ஓட்டையாகி உள்ளே நீர் புகுந்தால் மிதக்காது. வாஷர் தேய்ந்தால் அடைக்காது. வாயில் மணலோ துருவோ சிக்கினாலும் அடைக்காது. மூன்றிலும் விளைவு ஒன்றே: நீர் ஓய்வின்றி வழியும். பலர் தண்டை வளைத்துப் பார்த்து விட்டுவிடுகிறார்கள். முதலில் பந்தைக் கழற்றிக் குலுக்கிப் பார்க்க வேண்டும்.

அக்கால இலண்டனில் தொட்டியின் அடியில் ஒரு வால்வு வைத்து, அதைத் தூக்கி நீர் விடும் கழிவறைகள் ஏராளம். அந்த வால்வு தேய்ந்தால் இராப்பகலாகக் கண்ணுக்குத் தெரியாமல் நீர் கசிந்து போகும். தண்ணீர்க் கம்பெனிகள் கூக்குரலிட்டன. 1870களில் ஒரு தடவைக்கு 2 காலன், அதாவது சுமார் 9 லிட்டருக்கு மேல் போகக்கூடாது என்று விதி வந்தது. இதற்கு விடை வால்வே இல்லாத தொட்டி. சங்கிலியை இழுத்தால் கொஞ்சம் நீர் வளைகுழாயின் உச்சியைத் தாண்டும். ஒருமுறை தாண்டிவிட்டால் மீதி நீரை சைபன் தானே இழுத்துக்கொள்ளும். தொட்டி காலியானதும் காற்றுப் புகுந்து நின்றுவிடும். அடியில் வால்வு இல்லாததால் ஒழுகுவதற்கு வழியே இல்லை. கிராப்பர் கம்பெனி விளம்பரப்படுத்தி விற்ற தொட்டி இவ்வகையே. ஆனால் 1898இல் இதன் ஒரு வடிவத்துக்குக் காப்புரிமை பெற்றவர் ஆல்பர்ட் கிப்ளின் என்பவர். புகழ் கடைக்காரருக்குப் போயிற்று.

இப்போது நம் வீடுகளில் உள்ள பிளாஸ்டிக் தொட்டிகள் மீண்டும் அடியில் வால்வு உள்ளவை. ஆகவே அந்தப் பழைய நோயும் திரும்பியிருக்கிறது. கசிகிறதா என்று அறிய ஒரு வழி: இரவில் தொட்டி நீரில் சிறிது மஞ்சள் தூளைக் கரைத்துவிட்டு, யாரும் பயன்படுத்தாமல் அரை மணி கழித்துப் பாருங்கள். கிண்ணத்தில் மஞ்சள் நிறம் தெரிந்தால் வால்வு ரப்பரை மாற்ற வேண்டும். சொட்டும் குழாயை அலட்சியம் செய்பவருக்கு ஒரு கணக்கு: நொடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளுக்கு 86,400 சொட்டு. இருபது சொட்டு ஒரு மில்லி லிட்டர் என்று கொண்டால் 4 லிட்டருக்கு மேல். ஒரு மாதத்தில் எட்டு குடத்துக்கு மேல் போய்விடும். குடத்துக்காகச் சண்டையிட்ட தெருவில் வளர்ந்தவன் நான். குழாயை அழுத்தி முறுக்கி மூடுவதால் வாஷர்தான் நசுங்கும். சில ரூபாயில் புது வாஷர் போடுவதே வழி. கழற்றுமுன் கேட் வால்வை மூட வேண்டும். அது துருவேறி மூடாமல் மானம் போகும் நேரங்கள் உண்டு. கடற்காற்று வீசும் எங்கள் பகுதியில் ஜி.ஐ. பைப்பும் வால்வும் சீக்கிரம் இறுகிவிடும். மாதம் ஒருமுறை மூடித் திறந்து வைத்தால் இறுகாது.

கிராப்பருக்குத் திரும்புவோம். அவருக்கு இருந்த துணிவு பட்டறையில் மட்டும் அடங்கவில்லை. கழிவறை என்ற சொல்லையே மரியாதைக்குரியோர் வாயில் வைக்காத விக்டோரியா அரசி காலத்தில், அவர் பீங்கான் கிண்ணங்களையும் தொட்டிகளையும் கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னே வரிசையாகக் காட்சிக்கு வைத்தார். குளியலறைச் சாமான்களுக்கெனக் காட்சியறை வைத்த முன்னோடி அவரே என்பர். நகைக்கடையில் பார்ப்பதுபோல் வந்து பார்த்து வாங்கலாம். இதில் வாணிபச் சூழ்ச்சி இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒளித்து வைத்த பொருளை வெளிச்சத்தில் வைத்தபோது அதைச் செய்தவனும் சேர்ந்து வெளிச்சத்துக்கு வந்தான்.

பிறகு அரண்மனை. விக்டோரியா அரசியின் கணவர் ஆல்பர்ட் 1861இல் இறந்ததற்குக் காரணம் டைபாய்டு என்று அக்காலத்தில் கருதினர். மூத்த மகன் எட்வர்ட் 1871இல் ஒரு பிரபுவின் மாளிகையில் விருந்துக்குத் தங்கிவந்து அதே காய்ச்சலில் சாவின் விளிம்புவரை போனார். உடன் தங்கிய ஒரு பிரபுவும் இளவரசரின் குதிரைக்காரரும் மாண்டனர். அந்த மாளிகையின் கழிவுநீர்க் குழாய்களே காரணம் என்று பேச்சாயிற்று. பிழைத்து எழுந்த இளவரசர், 1880களில் தம் சாண்ட்ரிங்காம் மாளிகையின் குழாய் வேலையைக் கிராப்பரிடம் ஒப்படைத்தார். முப்பது கழிவறைகள்; தேவதாரு இனத்து மரத்தில் இருக்கைகள். அரச குடும்பத்துக்குப் பணி செய்பவர் என்ற ஆணைப் பத்திரமும் கிடைத்தது. கப்பல்காரர் மகன் அரசரின் பிளம்பரானார்.

இளவரசருக்கும் நம் தெருக்காரருக்கும் வித்தியாசம் பார்க்காத நோய் அது. அதைத் தடுப்பதில் ஒரு வளைந்த குழாய்க்குப் பெரும் பங்கு உண்டு. கழிவறைக் கிண்ணத்துக்கு அடியிலும், தொட்டி முற்றத்திலும், குளியலறைத் தரையிலும் இருக்கும் ட்ராப் அது. கம்மிங் எஸ் எழுத்துப் போல் வளைத்தார். யூ வடிவத் திருத்தத்தைக் கிராப்பரோடு சேர்த்துச் சொல்வர். வளைவில் எப்போதும் இரண்டு விரற்கடை நீர் நிற்கும். அந்த நீர்தான் பூட்டு. கழிவு போகும், சாக்கடை வாயுவும் கரப்பானும் மேலே வர இயலாது. ஊருக்குப் போய்த் திரும்பியதும் வீடு நாறுகிறதே என்று அப்பாவைக் கூப்பிடுவார்கள். அவர் தரை ஜாலியில் ஒரு சொம்பு நீர் ஊற்றிவிட்டுக் காசு வாங்காமல் வந்துவிடுவார். வளைவில் இருந்த நீர் உலர்ந்திருக்கும், வேறொன்றுமில்லை. மாடியில் நீர் விட்டால் கீழ்வீட்டு ஜாலியில் குடகுட என்று சத்தம் வருகிறதென்றால் கதை வேறு. மாடிக்கு மேலே போகும் காற்றுக் குழாயில் காக்கை கூடு கட்டியிருக்கலாம். காற்று வர வழியின்றிப் பூட்டு நீரைக் குழாய் உறிஞ்சிக்கொள்கிறது. இதுவும் சைபன்தான், நமக்கு எதிராக வேலை செய்வது.

தொட்டி முற்றம் அடைத்துக்கொண்டால் எங்கள் பகுதியில் பெரும்பாலும் மீன் செதில்தான் குற்றவாளி. அடியில் வாளி வைத்து, பாட்டில் ட்ராப்பைக் கையால் திருகிக் கழற்றிக் கழுவிவிடலாம். ஆசிட் ஊற்றுவோர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் ஆசிட் ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய கழிவறையில் அது உயிருக்கே ஆபத்து. வேதியியல் நண்பர்கள் இதைத் தங்கள் வீட்டிலும் சொல்லி வையுங்கள்.

நம் ஊருக்கும் இக்கதையில் இடமுண்டு. 1772இல் கோட்டைக்கு நீர் தர வெட்டிய ஏழு கிணறு எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தொலைவே. செங்குன்றம் ஏரி நீர் நகருக்கு 1872இல் வந்தது. 1914 முதல் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டி வழியே வந்தது. எவ்வளவு வடிகட்டி அனுப்பினாலும் கடைசிப் பத்தடியில் கெடுவதற்கு வழி இருக்கிறது. குறுகிய சந்தில் குடிநீர்க் குழாயும் சாக்கடைக் குழாயும் அடுத்தடுத்து ஓடும். நீர் வராத நேரத்தில் குடிநீர்க் குழாயில் அழுத்தம் இராது. அப்போது அடிபம்பாலோ மோட்டாராலோ உறிஞ்சினால், தளர்ந்த இணைப்பு வழியே வெளிச் சகதி உள்ளே ஏறும். பிராட் தெருவில் நடந்ததற்கும் இதற்கும் வேறுபாடு அதிகமில்லை. எனக்குப் பத்து வயதில் எங்கள் சந்தில் ஏழு வீடுகளில் மஞ்சள் காமாலை. தோண்டிப் பார்த்தபோது ஒரு வீட்டு இணைப்பு சாக்கடைக்குள்ளேயே கிடந்தது. அதில் துளை. அன்று இரவெல்லாம் இடுப்பளவு குழியில் நின்று மாற்று இணைப்புப் போட்டவர்களில் அப்பாவும் ஒருவர். சாக்கடைக் குழிக்குள் ஆளை இறக்கக் கூடாது என்று 2013இல் சட்டம் வந்தது. அதற்குப் பின்னும் இறங்கி மடிவோர் செய்தி நின்றபாடில்லை என்பதையும் இந்த இடத்தில் எழுதாமல் போக மனம் வரவில்லை.

கிராப்பர் 1904இல் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றார். அண்ணன் மகன் ஜார்ஜும் கூட்டாளி இராபர்ட் வாரமும் கம்பெனியை நடத்தினர். 1910 சனவரி 27இல் அவர் மறைந்தார். எல்மர்ஸ் எண்ட் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். கிரிக்கெட் வீரர் டபிள்யூ. ஜி. கிரேசின் கல்லறையும் அங்கேதான் உள்ளது. அரசர்கள் முடிசூடும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தின் தரையில் அவர் பெயர் பொறித்த சாக்கடை மூடிகள் இன்றும் இருக்கின்றன. வெளியூர்ப் பயணிகள் குனிந்து படித்துவிட்டுப் போகிறார்கள்.

இக்கட்டுரையை எழுதி முடித்த இரவில் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். இளவரசர் வந்த இடத்தில் அவருக்குக் கொட்டாவி வந்தது. முடிந்ததும், அந்தக் காலத்து மிதவைப் பந்து எதால் செய்தது என்று கேட்டார். செம்பு என்றேன். எழுந்துபோய்ச் சாமான் பையிலிருந்து, மண்ணடித் தொட்டியில் கழற்றிய பந்தை எடுத்து வந்தார். நசுங்கிய செம்புப் பந்து. நடுவில் பற்றவைத்த தழும்பு. காதருகே வைத்துக் குலுக்கினார். உள்ளே ஒரு சொட்டு நீர்கூட இல்லை.